ஃபைட்டரைக் கடிக்கும் மீன்கள் எவை என்றும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டு மீன்தொட்டிகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். பல வகை மீன்கள் ஒன்றாக வாழும் கம்யூனிட்டி தொட்டியில் ஃபைட்டர் மீனையும் சேர்த்து வளர்க்கலாம் என்று கூறிய கட்டுரையாளர், அதற்கு ஏற்ற துணையாக கப்பி, ஏஞ்சல், டைகர் பார்ப், சக்கர், கோரிடோரஸ் ஆகிய ஐந்து மீன்களின் பெயர்களைக் கொடுத்திருந்தார். பெட்டா என்றும் அழைக்கப்படும் ஃபைட்டர் மீனை நான் 17 ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். அந்த ஐந்தில் கோரிடோரஸ் ஒன்றைத் தவிர மற்ற நான்கையும் ஃபைட்டருடன் சேர்க்கக் கூடாது என்பதை வாசகர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். படித்த கையோடு கடைக்குப் போய் அந்த மீன்களை வாங்கி வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய தொட்டிகளை நினைத்தால் மனம் பதறுகிறது.

கட்டுரையில் எனக்குப் பட்ட பெரிய குறை, அது ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தது என்பதுதான். ஃபைட்டர் எந்த மீனைக் கடிக்கும் என்று அதில் பேசப்பட்டது. ஃபைட்டரை எந்த மீன் கடிக்கும் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பெயரிலேயே சண்டை இருப்பதால், தொட்டியில் உள்ள முரட்டு மீன் அதுதான் என்று நாம் எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படி முடிவு கட்டித்தான் ஒரு மீனைப் பறிகொடுத்தேன்.

என் முதல் கம்யூனிட்டி தொட்டியில் ஆறு டைகர் பார்ப் மீன்கள் இருந்தன. அவற்றோடு அரைவட்டமாக விரியும் வால் கொண்ட ஹாஃப்மூன் வகையில் சிவப்பு நிற ஆண் ஃபைட்டர் ஒன்றை வாங்கி விட்டேன். "மத்த மீனுக்குத்தான் பயப்படணும், இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று விற்றவர் சொன்னதை அப்படியே நம்பினேன். அன்று மாலை வெகுநேரம் தொட்டியின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஃபைட்டர் செவுள் மூடிகளை விரித்து ஒருமுறை பாய்ந்ததும் பார்ப்கள் சிதறி ஓடின. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது என்று நிம்மதியாக விளக்கை அணைத்தேன். மறுநாள் காலையில் அது நீர்மட்டத்தை ஒட்டிய ஓர் அகன்ற இலையின் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. முந்தைய நாள் விசிறி போல் விரிந்திருந்த வாலில் சவ்வு முழுவதும் போய், நரம்புகள் மட்டும் ஈர்க்குச்சிகளாக நின்றன. மூச்சு எடுக்க அது மேலே எழும்பும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பார்ப் பின்னால் வந்து ஒரு துணுக்கைப் பிடுங்கிக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஃபைட்டர் திரும்பத்தான் செய்தது. ஆனால் அந்தக் கனத்த வாலை இழுத்துக்கொண்டு அது திரும்பி முடிப்பதற்குள் பார்ப் தொட்டியின் மறுகோடிக்குப் போய்விட்டிருந்தது. தனிப் பாத்திரத்துக்கு மாற்றிச் சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். காயத்தின் ஓரங்களில் பஞ்சு போல் வெண்மை படர்ந்தது. ஐந்தாம் நாள் இறந்துவிட்டது.

ஃபைட்டர் பிறரோடு சண்டையிடும் மீன் அன்று. அது தன் இனத்தோடு சண்டையிடும் மீன். இந்த வேறுபாடு புரிந்தால் துணை தேடுவதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்ற அறிவியல் பெயரை அதற்கு 1910ஆம் ஆண்டில் சூட்டியவர் சார்லஸ் டேட் ரீகன். அதன் தாயகம் தாய்லாந்து. அந்நாட்டு அரசு 2019ஆம் ஆண்டில் அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அங்கே அதைப் பிளா காட் என்பார்கள். கடிக்கும் மீன் என்று பொருள். நெல்வயல்கள், ஓடைகள், செடி மண்டிய தேங்குநீர் ஆகியவற்றில் வாழும் காட்டு மீனுக்கு இந்த நீண்ட வாலும் பளீரென்ற நிறமும் கிடையாது. அங்கே ஓர் ஆண் மீன் செடிகளுக்கு இடையில் சிறிது இடத்தைத் தனதாக்கிக்கொண்டு, நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டி, அதைக் காக்கும். இன்னோர் ஆண் வந்தால் மோதும். தோற்றது விலகி நீந்திப் போய்விடும், சண்டையும் முடிந்துவிடும். கண்ணாடித் தொட்டியில் விலகிப் போக இடம் ஏது? ஒரு மீன் இன்னொன்றோடு ஒத்துப்போகுமா என்று கேட்கும்போதெல்லாம் நான் முதலில் நினைத்துப் பார்ப்பது, துரத்தப்படும் மீன் துரத்தும் மீனின் பார்வையிலிருந்து மறைய அந்தத் தொட்டியில் இடம் இருக்கிறதா என்பதைத்தான்.

மனிதர் சண்டைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் அதன் கோபம் கூடியது; அழகுக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் அதன் வால் நீண்டது. இரண்டும் ஒரே உடலில் சேர்ந்ததுதான் இந்த மீனின் துயரம். 180 பாகை விரியும் ஹாஃப்மூன் வாலோ, நுனிகள் முள்முள்ளாகப் பிரிந்த கிரவுன்டெயில் வாலோ உடைய மீன் வேகமாக நீந்த முடியாது. ஓடித் தப்பவும் முடியாது, துரத்தி விரட்டவும் முடியாது. வால் குட்டையான பிளாகாட் வகை நன்றாக நீந்தும், தன்னைக் காத்துக்கொள்ளும், ஆனால் அதே காரணத்தால் மற்ற மீன்களை விடாமல் துரத்தவும் செய்யும். ஆகவே "ஃபைட்டருக்கு எது துணை" என்ற கேள்விக்கு, எந்த வால் கொண்ட ஃபைட்டர் என்று தெரியாமல் பதில் சொல்வது சரியாகாது.

துடுப்பைக் கடிக்கும் பழக்கமுள்ள மீன்களை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். டைகர் பார்ப், சர்பே டெட்ரா, பிளாக் விடோ டெட்ரா மூன்றும் இந்த வகை. கூட்டமாக வைத்தால் தங்களுக்குள்ளேயே கடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். மெதுவாக அசையும் நீண்ட வால் எதிரில் இருக்கும்போது அந்தச் சமாதானத்தை நான் நம்ப மாட்டேன். ஏஞ்சல் மீன் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. கடையில் நாணயம் அளவில் இருப்பது 15 சென்டிமீட்டர் வரை வளரும். ஜோடி சேர்ந்ததும் இடம் பிடித்துக்கொண்டு அருகில் வருபவற்றை விரட்டும். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் விரல் நீளத்தில் வந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் வளர்கிறது. கழிவும் அதற்கேற்ப மிகுதி. இரவில் மெதுவாக நகரும் மீனின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அதன் வழவழப்பை உறிஞ்சும் பழக்கமும் அதற்கு உண்டு. தங்கமீன் ஃபைட்டரைவிடக் குளிர்ந்த நீரை விரும்புவது. அதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை.

இனி ஃபைட்டரின் கோபத்துக்கு ஆளாகும் மீன்கள். கட்டுரையில் முதலில் இடம்பெற்ற கப்பிதான் இதில் மிகவும் பாவப்பட்டது. ஆண் கப்பியின் வண்ண வாலைச் சிறிய ஆண் ஃபைட்டரின் வாலாகவே நம் மீன் எடுத்துக்கொள்கிறது. கப்பிக்கோ ஒரு நிமிடமும் சும்மா இருக்கத் தெரியாது. நீர்மட்டத்தை ஒட்டியே, அதாவது ஃபைட்டர் தனக்கென்று நினைக்கும் இடத்திலேயே, இங்குமங்கும் திரியும். சில நாட்களில் கப்பிகளின் வால்கள் குட்டையாகிவிடும். சில தொட்டிகளில் இது தலைகீழாக நடந்து, கப்பிகள் கூடி ஃபைட்டரின் வாலைக் கொத்துவதும் உண்டு. எந்த வழியிலும் நல்லது நடப்பதில்லை. கௌராமி வகைகள் ஃபைட்டரின் குடும்பத்தையே சேர்ந்தவை, உடலமைப்பும் பழக்கமும் ஒத்தவை என்பதால் இரண்டுக்கும் ஓயாத போட்டி. இரண்டு ஆண் ஃபைட்டர்களைச் சேர்த்து விடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆணுடன் பெண்ணை நிரந்தரமாக விடக் கூடாது என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் சேர்ப்பவர்களும் முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் கூட்டைக் காக்கும் ஆண் அதைக் குதறிவிடும்.

அப்படியானால் யார்தான் பொருந்துவார்கள் என்று கேட்கலாம். என் அனுபவத்தில் முதல் இடம் கோரிடோரஸுக்கே. காரணம் அதன் குணம் மட்டுமன்று, அது வாழும் தளம். ஃபைட்டரின் உலகம் நீர்மட்டத்திலும் மேல் பாதியிலும் இருக்கிறது. கோரிடோரஸ் அடித்தளத்தில் மீசையால் மணலைத் துழாவிக்கொண்டே நாளைக் கழிக்கிறது. இரண்டும் ஒரே வீட்டின் வேறு வேறு மாடிகளில் குடியிருப்பவை போல. ஆயினும் கோரிடோரஸ் குடல் வழியாகவும் காற்றைச் சுவாசிக்கக்கூடியது என்பதால் அவ்வப்போது அடியிலிருந்து அம்பு போல் மேலேறி ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் இறங்கும். தன் இலையின் கீழ் அசையாமல் நின்றிருந்த என் நீல நிற ஃபைட்டர் முதன்முதலில் இதைக் கண்டபோது துள்ளி விலகி, செவுளை விரித்து, எதிரியைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தது. அதற்குள் கோரிடோரஸ் மணலில் மூக்கைப் புதைத்திருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பிறகு தலையைக்கூடத் திருப்புவதில்லை. கோரிடோரஸை ஒற்றையாக வைப்பது கொடுமை, குறைந்தது ஆறு வேண்டும். அடியில் கூரான சரளைக் கல் இருந்தால் மீசை தேய்ந்து புண்ணாகும் என்பதால் மெல்லிய மணல் பரப்ப வேண்டும். சிறிய தொட்டிக்கு 3 சென்டிமீட்டரைத் தாண்டாத பிக்மி கோரிடோரஸ் ஏற்றது. அது நடு நீரிலும் நீந்தும். பாம்புக்குட்டி போல் வளைந்து ஒளியும் குஹ்லி லோச் மீனும் நல்ல அண்டைவீட்டார். பகலில் அது இருப்பதே தெரியாது.

நடுத்தளத்துக்கு எம்பர் டெட்ராவையும் ஹார்லிகுவின் ரஸ்போராவையும் துணிந்து சொல்வேன். முன்னது 2 சென்டிமீட்டர் அளவே உள்ள செம்மஞ்சள் மீன். பின்னதன் உடலில் கறுப்பு முக்கோணம் இருக்கும். இரண்டும் கூட்டமாகச் செல்பவை, வால் குட்டையானவை, பிறர் துடுப்பில் ஆர்வம் காட்டாதவை. எட்டு அல்லது பத்து என்று கூட்டமாக இருந்தால்தான் அவற்றின் கவனம் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். மூன்று நான்கு மட்டும் இருந்தால் பயந்து மூலையில் ஒண்டும், அல்லது சலிப்பில் குறும்பு செய்யும். கூட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு: ஃபைட்டர் பாய்ந்தாலும் எதைக் குறிவைப்பது என்று தெரியாமல் பாதியில் நின்றுவிடும். நியான் டெட்ரா ஃபைட்டரைவிடச் சற்றுக் குளிர்ந்த நீரை விரும்புவது. 25, 26 டிகிரி செல்சியஸில் அதையும் ஃபைட்டரையும் சேர்த்து வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு என்றாலும் அது என் முதல் தேர்வு ஆகாது.

நத்தைகளில் நெரைட் நத்தை கவலையற்றது. நன்னீரில் அது பெருகுவதும் இல்லை. ஆப்பிள் நத்தையின் நீண்ட உணர்கொம்புகளைப் புழு என்று நினைத்து ஃபைட்டர் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். செர்ரி இறால்களை விட்டால் குஞ்சுகள் இரையாகும். செடிகள் அடர்ந்திருந்தால் சில பிழைக்கும். அவ்வளவுதான்.

மீனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தொட்டியை அளக்க வேண்டும் என்பதைக் கட்டுரையில் குறிப்பிடாமல் விட்டதும் எனக்கு வருத்தமே. ஒற்றை ஃபைட்டருக்கே 20 லிட்டராவது வேண்டும். துணையோடு வைப்பதென்றால் 60 லிட்டருக்குக் குறைந்த தொட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டியைப் பலரும் பெரியது என்று நினைக்கிறார்கள். கணக்குக்கு அது 54 லிட்டர். மணல், கற்கள், மேலே காற்றுக்கு விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையில் நிற்கும் தண்ணீர் 40 லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். அந்த மேல் இடைவெளியைத் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிடவும் கூடாது. செவுளோடு சேர்த்து லாபிரிந்த் என்ற உறுப்பாலும் மூச்சுவிடும் ஃபைட்டர், மேலே வந்து காற்றை எடுக்க முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்துவிடும். துள்ளிக் குதிக்கும் மீன் என்பதால் மூடியும் அவசியம். ஃபில்டரின் நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும். வேகமான ஓட்டத்தில் நீண்ட வால் கொண்ட மீன் நாள் முழுவதும் எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடும், களைத்த மீனைத்தான் மற்றவை கடிக்கத் தொடங்கும்.

செடிகளை அழகுக்காக ஓரங்களில் மட்டும் நடுவது வழக்கம். ஃபைட்டர் உள்ள தொட்டியில் நடுவிலும் உயரமான செடியோ மரக்கட்டையோ இருந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி பார்வையைத் தடுக்க வேண்டும். மிதக்கும் செடிகளின் வேர்கள் தொங்கினால் இன்னும் நல்லது. என் தொட்டியில் துரத்தல்களில் பெரும்பாலானவை ஒரு செடிக்கொத்தை இடம் மாற்றி வைத்த அன்றே நின்றன. மீன்களை மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

எந்த வரிசையில் விடுவது என்பதும் முக்கியம். தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனையில் தெரிந்த பிறகுதான் முதல் மீன் இறங்க வேண்டும். துணை மீன்களை முதலில் விட்டு, அவை நன்றாக உண்டு திரியத் தொடங்கிய பிறகு கடைசியாக ஃபைட்டரை விட வேண்டும். முன்பே குடியிருக்கும் ஃபைட்டருக்கு முழுத் தொட்டியும் தன் இடம். பின்னால் வருபவை எல்லாம் அத்துமீறியவை. கடைசியாக வரும் ஃபைட்டருக்கு அந்த எண்ணம் எழ நாளாகும். புதிதாக வாங்கிய எந்த மீனையும் இரண்டு வாரங்களாவது தனியே வைத்துப் பார்க்காமல் சேர்க்கக் கூடாது. வெள்ளைப் புள்ளி நோய் ஒரு மீனோடு வந்து முழுத் தொட்டிக்கும் பரவுவது இப்படித்தான். இரையை இரண்டு முனைகளில் போட வேண்டும்: ஒரு முனையில் ஃபைட்டருக்கு மிதக்கும் குருணை, மறுமுனையில் மற்றவற்றுக்கு. அடித்தள மீன்களுக்கான மாத்திரையை விளக்கை அணைத்த பிறகு போட்டால் அவற்றுக்கும் வயிறு நிறையும். கண்ணில் பட்டதை எல்லாம் விழுங்கி வயிறு உப்பும் ஃபைட்டரின் தொல்லையும் குறையும்.

விட்ட பிறகு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் மணி நேரமும் முதல் இரவுக்குப் பின்வரும் காலையும் மிக முக்கியமானவை. ஒருமுறை செவுளை விரித்துக் காட்டித் திரும்பிப் போவது சண்டை ஆகாது. ஒரே மீனை மறுபடி மறுபடி தேடிப் போய்த் துரத்துவதும், அது இரை எடுக்க வரும்போதெல்லாம் மறிப்பதும்தான் கவலைப்பட வேண்டியவை. துணை மீன்கள் ஃபில்டருக்குப் பின்னால் ஒடுங்கி நிறம் வெளுத்துத் துடுப்பை மடக்கிக்கொண்டிருந்தாலும், ஃபைட்டர் உடலில் படுக்கைக் கோடுகள் தோன்றி இலைக்கு அடியிலேயே கிடந்தாலும், அந்தச் சேர்க்கை தோற்றுவிட்டது என்று அன்றே ஒப்புக்கொள்ள வேண்டும். "ரெண்டு நாள்ல பழகிடும்" என்று நம்பித்தான் நான் என் சிவப்பு மீனை இழந்தேன். இதற்காகவே ஃபில்டருடன் கூடிய சிறு தொட்டி ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அது இல்லாதவர் துணை மீன் வாங்கப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் சில ஃபைட்டர்கள் யாரையும் ஏற்பதில்லை. ஒரே குஞ்சுப் பொரிப்பில் பிறந்த இரண்டு ஆண்களை நான் வளர்த்தேன். ஒன்று ரஸ்போராக் கூட்டத்தின் நடுவே நிம்மதியாக உலவியது, மற்றொன்று நத்தையைக்கூட விடாமல் மோதியது. அப்படிப்பட்ட மீனைச் செடிகள் நிறைந்த 20 லிட்டர் தொட்டியில் தனியே வைத்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை; தனிமை என்று நாம் நினைத்து வருந்துவது அதற்குத் தன் இடம் தன்னுடையதாக இருக்கும் அமைதிதான். தனியே வைப்பது என்றால் ஒரு குவளைத் தண்ணீரில் அடைத்து வைப்பது என்று மட்டும் யாரும் பொருள்கொள்ளக் கூடாது.

தங்கள் கட்டுரையாளரின் நல்ல நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அடுத்த ஞாயிறு இணைப்பில், அந்தப் பட்டியலிலிருந்து கப்பி, ஏஞ்சல், டைகர் பார்ப், சக்கர் ஆகிய நான்கு பெயர்களையும் நீக்கி, தொட்டியின் குறைந்தபட்ச அளவையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே அந்த மீன்களை ஃபைட்டருடன் சேர்த்துவிட்ட வாசகர்கள் திருத்தம் வரும் வரை காத்திராமல், இன்றே ஃபைட்டரை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பதையும் இக்கடிதத்தின் வழியே அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர் ஒருவர்